மூன்றாவது பொத்தான்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ஒரே ஒரு சொல். அது எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

'கனடாவின் தண்டர் பே நகரில் அன்று பனி' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். இங்கே ஏப்ரல் வரை பனிதான்.

இரண்டாம் தொடக்கம்: என் நண்பன் எய்னோ சாவதற்கு முன் மூன்று வீடியோ கேசட்டுகளில் பேசி வைத்தான். ஒன்று மனைவி ஹெல்மிக்கு. ஒன்று மகள் மாரிட்டாவுக்கு. மூன்றாவது—

இருக்கட்டும்.

2

ஹெல்மியின் பழைய டிவியில் வெளிக்கருவிக்கு ஒரே இடம்தான்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மூன்று துளைகள். இணைக்க வேண்டிய கருவிகளோ மூன்று. அவள் கேசட்டுக்கு வி.சி.ஆர். மாரிட்டா தன்னுடையதை டிவிடியாக மாற்றியிருந்ததால் ஒரு டிவிடி பிளேயர். மாரிட்டாவின் சிறுவயதுக் குட்டிக் கேசட்டுகளுக்கு என் பழைய கேமரா. பழைய சாமான் கடையில் பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி வாங்கிவந்தேன். ஒன்றை அழுத்தினால் அந்தக் கருவி டிவிக்குப் போகும்.*

"என்ன அர்வோ, மீன் வலை பின்றியா?" என்றாள் ஹெல்மி. "எய்னோ இருந்தா ஒரே வயர்ல முடிச்சிருப்பான்."

"எய்னோ இருந்தா ஃபியூஸ் போயிருக்கும்."

மாரிட்டா சிரிக்கவில்லை. எய்னோ போன ஒரு வருடமாகத் தாயும் மகளும் தங்கள் பதிவுகளை ஒருவருக்கொருவர் காட்டியதில்லை. வரும் வியாழக்கிழமை எய்னோவின் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறார்கள். 'பயமின்றிச் சென்றார்.' ஹெல்மி தந்த வரி. அவள் கேசட்டில் எய்னோ சொன்னது.

"கல்லுல வெட்டுறதுக்கு முன்னாடி என்னோடதையும் பாரும்மா," என்றாள் மாரிட்டா.

(* 'ஒரு நேரத்தில் ஒரு பொத்தான் மட்டும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.)

3

ஆளுக்கொரு ரிமோட்.

"முதல்ல என்னோடது."

"இல்லம்மா, என்னோடது."

இரண்டும் ஓடத் தொடங்கின. நான் பெட்டியில் விரல் வைத்தேன். முதல் பொத்தானும் இரண்டாவதும் சேர்ந்து உள்ளே போய் மாட்டிக்கொண்டன. படம் கிழிந்து உருண்டது. குரல் கிழியவில்லை. இரண்டு எய்னோக்கள், அரைச் சொல் இடைவெளியில்:

"இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"எனக்குப் பயமே இல்ல."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

[இங்கே ஹெல்மியின் முகத்தை எழுத ஏழு முறை முயன்றேன். அவள் கண்கள்— அவள் உதடு— ஏலக்காய் ரொட்டித் துண்டு வாயில் இருந்தது. மெல்லவில்லை. விழுங்கவில்லை.]

"நிறுத்துங்க அர்வோ!" என்றாள் மாரிட்டா.

டிவியை அணைத்து, அதன் பின்னால் ஒதுங்கினேன்.

"ஒரு வருஷமா இதை வச்சிருந்தியா?" என்றாள் ஹெல்மி, துண்டைக் கையில் துப்பிவிட்டு.

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"இதுல எது பொய்?"

ஹெல்மி பெட்டியின் அருகே வந்தாள். கேமராவின் வயர் எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, அர்வோ?"

"காலி," என்றேன்.

4

காலி இல்லை. எனக்கு எய்னோ விட்டுப்போன கேசட் அதில் இருந்தது. 'எடுக்க மறந்தேன்' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். இரண்டு பொத்தான்கள் சேர்ந்து மாட்டியது தற்செயல். மூன்றாவதில் கேசட் இருந்தது அப்படியல்ல. ஒரு வருடம் தனியாக வைத்திருந்தது போதும் என்று தோன்றியது.

கதைக்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கல்லில் பெயரும் ஆண்டும் மட்டும்: அழகாக இருந்தது, நடக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவது: அந்தத் துணிச்சல் காகிதத்தில் மட்டும் வந்தது.

என் கேசட்டும் அதே 'உன்கிட்ட மட்டும்தான்' வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும்; அது இவர்கள் கேட்ட இரண்டுமே இல்லை.

ஹெல்மி டிவியைப் போட்டாள்.

"காலின்னா, அழுத்தினா என்ன?" என்றாள்.

அவள் விரல் மூன்றாவது பொத்தான்மேல் இருக்கிறது. நான் டிவிக்குப் பின்னால் இருக்கிறேன், எனக்கு எட்டாது. இதை வாசிக்கும் நீங்கள் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையைப் பிடிப்பதானால், இப்போதே.