இடது குழலில் அடைத்திருந்தது

1

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இடது குழலா, வலது குழலா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டு மபரூக்கா மாவு பிசைந்துகொண்டே இதைச் சொன்னபோது, நடுநடுவே நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அந்த இடைவெளிகளில் நானே எதையாவது செருகியிருக்கலாம். இடது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "லஸ்ஹர் தன் தம்பியைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கியை

(அடித்துவிட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

2

லஸ்ஹர் மபரூக்காவின் கணவன். அம்மார் அவனுடைய பெரியப்பா மகன். தபர்க்கா நகருக்கு மேலே எங்கள் மலையில் ஒரு பன்றி வேட்டை, நல்ல மழை. புதரில் ஏதோ அசைய, லஸ்ஹர் விசையை இழுத்தான். வெடிச் சத்தம் கேட்டது. அலறியது அவன் தம்பி தய்யிப், பிழைக்கவில்லை.

பன்றிக்காகப் பக்கத்து இடத்தில் காத்து நின்ற அம்மார் ஓடிவந்து, "நீ சுட்டத நான் பாத்தேன். வாயத் தொறக்காத, நான் பேசிக்கறேன்" என்றார். தய்யிப் வழுக்கி விழுந்ததில் அவன் துப்பாக்கியே வெடித்துவிட்டது என்று காவலர்களிடம் சத்தியம் செய்தார். வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு லஸ்ஹர் அவரிடம் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. தன் மகனுக்கு அவர் லஸ்ஹரின் மகள் ஹயாத்தைப் பெண் கேட்டபோதும் சொல்லவில்லை. ஹயாத் சாப்பிடாமல் கிடந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் லஸ்ஹர் நாள் குறித்தான்.

எங்கள் வழக்கப்படி, மணப்பெண் வாசல் இறங்கும்போது அவள் அப்பாவின் துப்பாக்கி வெடிக்க வேண்டும். அதற்காகத்தான் அது வைக்கோல் கொட்டகையிலிருந்து இறங்கியது. வேட்டையன்று மாட்டியவன் அதன்பின் திறக்கவே இல்லை.

3

"என்ன சம்பந்தி, இது துப்பாக்கியா, அடுப்பு ஊதுற குழலா?" என்றார் அம்மார். உதவிக்கு வந்திருந்தார்.

வலது குழல் மண்ணெண்ணெய்க்கும் பித்தளைப் பிரஷுக்கும் பணிந்தது. கந்தல் கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. இடது குழலில் வேட்டையன்று வெடித்த தோட்டா உறை துருவோடு ஒட்டியிருந்தது. லஸ்ஹர் குறடால் இழுத்து எடுத்தான். குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெளிச்சமே இல்லை.

"குளவி கூடு கட்டியிருக்கும். குத்தி விடுறா."

(இதைச் சொன்னவர் அம்மார்தான். விஷயம் தெரிந்தவன் இப்படிச் சொல்வானா? இந்தக் கேள்வியால் கதையை இருமுறை கிழித்தேன்.)

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, சாப்பிட்டு வந்து, ஒலிவக் கம்பைக் குழலுக்குள் விட்டுச் சுத்தியலால் தட்டினான். முதலில் விழுந்தது ஒரு அட்டை வட்டு. மக்ரோனிப் பெட்டியின் சிவப்பு எழுத்து அதில் தெரிந்தது. தன் தோட்டாக்களின் வாயை மூட அவனே வெட்டும் வட்டு. பின்னாலேயே பன்றிக் குண்டுகள், வெள்ளை பூத்து ஒரே கட்டியாக. கடைசியில், குண்டுகளுக்குப் பின்னால் திணிக்கும் கம்பளி அடைப்பு.

அவனுக்கு உடனே புரிந்தது. மழையில் தோட்டாவின் வெடிமருந்து நனைந்திருந்தது. குண்டுகள் குழலை விட்டு வெளியே போகவே இல்லை. அன்று அவன் காதில் விழுந்த வெடிச் சத்தம்

(இங்கே ஒரு நல்ல வாக்கியம் வேண்டும். வரவில்லை.)

4

அப்போதும் அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்த மபரூக்கா, உள்ளே போன கையை வெளியே எடுக்கவில்லை. அம்மார் கந்தலை எடுத்து, குண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். லஸ்ஹர் அவற்றின் மேல் காலை வைத்தான்.

"அம்மார்." அண்ணே என்று சொல்லாமல் அவரை அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் சுட்டதப் பாத்தேன்னியே. எதப் பாத்த?"

பதிலை மூன்று விதமாக எழுதினேன்.

"பொகையத்தான் பாத்தேன். நீதான்னு நெனச்சேன்டா."

"எனக்கும் புள்ளைங்க இருந்துச்சுடா."

மூன்றாவதில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்.

எது நடந்தது என்று மபரூக்காவைக் கேட்டேன். "மாவத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். மறுபடி பிசையத் தொடங்கினாள். நான் எடுத்துத் தர மாட்டேன். நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

5

கல்யாணம் நின்றது. ஹயாத் பேஜா நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அம்மார் தபர்க்காவில் மகன் வீட்டில் இறந்தார், லஸ்ஹர் போகவில்லை. துப்பாக்கியை அவன் அவ்வப்போது எடுத்துத் துடைக்கிறான், சுடுவதில்லை. தய்யிப் தன் துப்பாக்கியாலேயே செத்தான் என்றுதான் ஊர் இன்னும் சொல்கிறது.