எடுக்கக் கூடாத போன்

குற்றாலலிங்கம் தேய்மானக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் இணையம் நின்றுபோகும். வாயைத் திறந்தபடி அவர் முகம் பிள்ளைகளின் திரையில் அசையாமல் நிற்கும். அது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே போவார். கடைசியில் எந்தப் பிள்ளையாவது செல்லில் கூப்பிட்டு, "சார், நீங்க நின்னுபோயி ரொம்ப நேரமாச்சு" என்று சொல்லும். வணிகவியல் ஆசிரியராக ஓய்வு பெற்றவருக்கு, திருநெல்வேலி டவுனில் இருக்கும் தன் வீட்டின் கூடத்திலிருந்து மாலையில் எடுக்கும் அந்த வகுப்பு மட்டும்தான் மிச்சம். அது தடைபட்டால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அதனால், புதுக் கம்பெனியிலிருந்து சல்மான் ஃபாரிஸ் என்ற பையன் வாசலில் வந்து நின்றபோது அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இப்ப உங்ககிட்ட இருக்கது செம்புக் கம்பி சார். மழை பெஞ்சா இழுக்கும். இது கண்ணாடி இழை. நெட்டு, வீட்டுப் போன், உங்க ரெண்டு பேரு செல்லு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே பில்லு. செல் நம்பர் மாறாது. வீட்டுப் போனுக்கு மட்டும் புது நம்பர் வரும்."

காப்பித் தம்ளரை நீட்டிய அவர் மனைவி ராஜராஜேஸ்வரியின் கை அப்படியே நின்றது.

"இந்த நம்பரு என்னாகும் தம்பி?"

"அது பழைய கம்பெனி நம்பர்லாம்மா. அது அவங்களோட போயிரும்."

"ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள், கணவரைப் பார்க்காமல்.

"என்னத்துக்கு?" என்றார் குற்றாலலிங்கம். "அதுல யாரு கூப்பிடுதா? லோன் வேணுமான்னு கேக்கவன் கூப்பிடுதான். அவன் புது நம்பரையும் கண்டுபிடிச்சுருவான், நீ கவலப்படாத."

பையன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அந்த நம்பரில் யார் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் போன் இரண்டு தடவை மணி அடித்து நின்றுவிடும். அவர்களுடைய ஒரே மகள் கோமு.

நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் கோமு கண்டுபிடித்த வழி அது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனதும், செல்லில் காசு கரையாமல் வீட்டுப் போனுக்கு இரண்டு மணி கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும் என்று அம்மாவிடம் சண்டைக்கு வருவாள்.

பிறகு அவள் தன்னோடு வேலை பார்த்த சாத்தான்குளத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் வந்து நின்ற அன்று குற்றாலலிங்கம் சத்தம் போடவில்லை. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். "இவகிட்ட இனிமே ஒரு வார்த்த பேசமாட்டேன்னு என் தலயில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றார். படிக்கு வெளியே நின்ற கோமு பார்த்துக்கொண்டிருக்க, ராஜராஜேஸ்வரி சத்தியம் செய்தாள். கையில் பட்ட அவருடைய மண்டையின் சூடு இப்போதும் அவளுக்கு நினைவிருந்தது. செய்யாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கணத்தில் அவர் முகம் இருந்த இருப்பில், மறுத்தால் அங்கேயே விழுந்துவிடுவார் என்றுதான் தோன்றியது. அதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்கு அடைப்பு என்று நெஞ்சில் குழாய் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கே அவளுடைய செல்லிலிருந்த சிம்மை எடுத்து ஒடித்துப்போட்டார். புது நம்பர் வாங்கிக் கொடுத்தார். வீட்டுப் போனை மட்டும் விட்டுவிட்டார். அதுதான் பாங்கியில், ஓய்வூதியத் தாளில், எல்லாவற்றிலும் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணி அடித்து நின்றது. திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் எண்ணெய் விரலோடு அசையாமல் இருந்தாள். அடுத்த வெள்ளியும் அடித்தது. அப்புறம் அடிக்காத வெள்ளி இல்லை. பிள்ளை இருக்கிறாள். எங்கோ ஒரு ஊரில் சோறு பொங்கி, வேலைக்குப் போய் வந்து, இந்த நேரத்தில் அம்மா விளக்கேற்றுவாள் என்று நினைத்துக்கொள்கிறாள். அது போதும் என்று தன்னைப் பழக்கிக்கொண்டாள். போதுமா என்று கேட்டுக்கொள்ளும் இடத்துக்கு அவள் தன் மனதைப் போகவிட்டதில்லை.

குற்றாலலிங்கத்துக்கும் அந்த மணி கேட்கும். மற்ற நேரத்தில் முதல் மணிக்கே எழுந்து எடுப்பவர், வெள்ளிக்கிழமை அடிக்கும் அந்த இரண்டு மணிக்கு மட்டும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். அது ஏன் என்று அவள் கேட்டதில்லை.

பழைய போனில் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியாது. கோமுவின் நம்பர் அவளிடம் இல்லை. ஓசூர் பக்கம் குடிபோய்விட்டதாகக் கேள்வி, அவ்வளவுதான். உறவுக்காரர்களிடம் விசாரித்தால் அன்று சாயங்காலமே அவர் காதுக்கு வந்துவிடும். நம்பர் போனால் எல்லாம் போனது.

மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து புதுக் கம்பெனியின் சேவை மையத்துக்குக் கூப்பிட்டாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டு நின்று ஒரு பெண் பேசினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் போலிருந்தது.

"சொல்லுங்க மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவணுங்க?"

"இந்த வீட்டு நம்பர அப்படியே உங்க கம்பெனிக்கு மாத்திக்க முடியாதாம்மா? செல்லுக்கு முடியுதே."

"செல்லுக்கு மட்டுந்தாங்க மேடம் அந்த வசதி. வீட்டுப் போனுக்கு வேற கம்பெனிக்கு மாத்த முடியாதுங்க."

"பழைய நம்பருக்கு யாராவது கூப்பிட்டா, புது நம்பர் இதுன்னு நீங்க சொல்லுவீங்களா?"

"அது எங்க நம்பர் இல்லீங்களே மேடம். நீங்களே அவங்களுக்கு மெசேஜ் போட்டுருங்க."

"அவ நம்பர் எங்கிட்ட இல்ல" என்றாள் ராஜராஜேஸ்வரி.

 அந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்கென்று எழுதிக் கொடுத்திருந்ததில் இதற்குப் பதில் இருந்திருக்காது. "வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?" என்று கேட்டாள். குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லி ராஜராஜேஸ்வரி போனை வைத்தாள்.

ஒடித்துப்போட்ட சிம்முக்குப் பதிலாக வந்த செல் நம்பரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாமாம். அதில் கூப்பிட யாருமில்லை. மகள் கூப்பிடுகிற நம்பர்தான் நகராது.

வியாழக்கிழமை மாரிராஜ் என்பவர் ஏணியோடு வந்தார். கம்பத்திலிருந்து கறுப்பு வயரை இழுத்து, சன்னல் ஓரம் சுவரில் துளை போட்டு, கூடத்தில் வெள்ளைப் பெட்டியை மாட்டினார். புதுப் போனை அதில் செருகினார். செங்கல் தூசி போன் மேசையெல்லாம் படிந்தது. அவள் துடைத்தாள். பழைய போன் அதே மேசையில் பக்கத்திலேயே இருந்தது.

"நாளைக்கு இதப் பழைய ஆபீஸ்ல கொண்டு ஒப்படைச்சிருங்க அண்ணாச்சி" என்றார் மாரிராஜ். "குடுத்த அன்னைக்கே லைன வெட்டிருவாங்க. இல்லன்னா சும்மா வாடகை ஓடும்."

"காலையிலயே போயிருதேன்" என்றார் குற்றாலலிங்கம்.

அவள் துடைக்கும் துணியை உதறிக்கொண்டே, "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

"அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுப் பொருள வெளிய கொண்டு குடுப்பாங்களா? சனிக்கிழமை குடுங்க."

"இது நம்ம பொருளே இல்லட்டி. கம்பெனிக்காரன் பொருளு."

"இத்தன வருசம் நம்ம வீட்டுல இருந்திருக்கில்லா."

மாரிராஜ் ஏணியை மடக்கிக்கொண்டே, "எங்க வீட்லயும் அப்படித்தான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உப்புக் குடுக்க முடியாது" என்றார். குற்றாலலிங்கம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, சனிக்கிழமை" என்றார்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சத்தியம் என்பது வெறும் வார்த்தைதான், அதற்கு ஆளைக் கொண்டுபோகிற சக்தியெல்லாம் கிடையாது என்று தனக்குத் தானே சொல்லிப்பார்த்தாள். படித்த பெண்தானே அவள். ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவரின் மூச்சு கொஞ்சம் தாமதமானபோது எழுந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பேசினால் இவர். பேசாவிட்டால் மகள். இரண்டு பேரையும் இப்படித் தராசில் ஏற்றியது யார் என்று யோசித்தபோது, தன் கையும் அதில் இருந்தது தெரிந்தது. அவர் பிடித்து இழுத்தார், உண்மை. ஆனால் வார்த்தையைச் சொன்ன வாய் அவளுடையது.

வெள்ளிக்கிழமை. பூ வாங்கினாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். குற்றாலலிங்கம் புது இணையத்தின் வேகத்தைச் சோதித்துக்கொண்டு காலையிலிருந்தே கணினி முன்னால் இருந்தார். "ராஜி, இங்கன வந்து பாரேன், எப்படி ஓடுது" என்று சின்னப் பிள்ளை போலக் கூப்பிட்டுக் காட்டினார். வந்து பார்த்தாள். அவர் சந்தோஷமாக இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது.

வெயில் தாழ்ந்தது. விளக்கை ஏற்றினாள். இன்றைக்குப் பூஜை அறையில் உட்காராமல் கூடத்துக்கு வந்து போன் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். குற்றாலலிங்கம் வகுப்புக்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி துணியைக் கண்ணாடியில் தேய்த்தார்.

முதல் மணி அடித்தது.

இரண்டாவது மணி பாதியில் இருக்கும்போது அவள் எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. தூரத்தில் ஏதோ பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவசரமாக, "ஏட்டி கோமு, நான்தான்" என்றாள். நான்கு வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கோமு, அம்மா பேசுதேன். வச்சிராத."

"எப்பம்மா?" என்றது கோமுவின் குரல்.

"என்னது?"

"எப்ப நடந்துச்சு? ஏம்மா எனக்குச் சொல்லல? யாருகிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம்லா. எடுத்துட்டாவளா, இன்னும் வீட்லதான் இருக்காவளா? நான் இப்பமே கெளம்புதேன். முகத்தையாவது…" அதற்கு மேல் அழுகை வார்த்தையைத் தின்றுவிட்டது.

ராஜராஜேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. அப்பாவின் தலையில் அடித்து அம்மா செய்த சத்தியத்தைக் கோமு கண்ணால் பார்த்தவள். அம்மா பேசமாட்டாள். அம்மா பேசுகிறாள் என்றால் அந்தத் தலை இல்லை. இத்தனை வாரமும் இரண்டு மணி அடிக்கும் வரை அந்தப் பக்கம் அவள் காத்திருந்ததும் இதைத் தெரிந்துகொள்ளத்தான். யாரும் எடுக்காவிட்டால், அப்பா நன்றாக இருக்கிறார்.

அந்த மணியில் பிள்ளை இருக்கிறாள் என்று ராஜராஜேஸ்வரி தெரிந்துகொண்டிருந்தாள். அதே மணியில் அப்பா இருக்கிறார் என்று கோமுவும் தெரிந்துகொண்டிருக்கிறாள். 

"இல்லட்டி, இல்ல. அப்பா இருக்காவ. நல்லா இருக்காவ. இந்தா, எதிர்லதான் உக்காந்திருக்காவ."

அழுகை நிற்கவில்லை. நம்பவில்லை போலிருந்தது. அந்தச் சத்தம் ரிசீவரை மீறிக் கூடத்தில் கேட்டது. குற்றாலலிங்கம் கண்ணாடியைத் துடைத்த துணியைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வேறென்ன வந்தது என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

"என்னவாம்?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சொன்னாள். "நீங்க எப்பப் போனீங்கன்னு கேக்கா."

 அவர் கை தலைக்குப் போனது. உச்சியை ஒரு தடவை தடவிவிட்டுக் கீழே இறங்கியது. கணினித் திரையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். "சார், கேக்குதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். குற்றாலலிங்கம் எட்டி அந்தச் சத்தத்தை அணைத்தார்.

"கோமு, நல்லாக் கேளு" என்றாள் ராஜராஜேஸ்வரி. "இந்தப் போனு நாளையோட போகுது. புது நம்பர் வந்திருக்கு. அதச் சொல்லத்தான் எடுத்தேன். எழுதிக்கோ."

அப்படிச் சொன்ன பிறகுதான் அந்த நம்பர் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அதைக் கேட்டுவைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. சத்தியத்தை மீறுவதா வேண்டாமா என்று நெஞ்சுக்குள் அத்தனை தடவை நடந்து பார்த்தவள், மீறினால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. புதுப் போனைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க" என்றாள்.  "புது நம்பர் என்ன?"

 திரையில் பிள்ளைகளின் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வதைப் போல, ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். ராஜராஜேஸ்வரி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அவர் பக்கமாக நீட்டினாள்.

அந்தப் பக்கத்து அழுகை சட்டென்று நின்றது.

சொல்லி முடித்ததும் அவர், "சரியா எழுதினாளான்னு திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றார்.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோமு சொல்ல ஆரம்பித்தாள். மூக்கு அடைத்த குரலில், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல ஒவ்வொன்றாக. குற்றாலலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் அவள் பிசகினாள்.

"ஆறு இல்லட்டி" என்றார் அவர், நேரே போனைப் பார்த்து. "ஒம்பது."