நீலம் போடாத வருஷங்கள்

2004 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டியிருந்த புத்தர் கூடத்தின் கதவில் அரசாங்க நோட்டீசு ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. கூடத்தின் செயலாளர் பரசுராமன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். சரக்குச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் படிக்கக் கற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, கூடியிருந்தவர்களுக்குச் சாரத்தைச் சொன்னார்.

ரயில்வே மேம்பாலத்துக்கு வரும் அணுகுசாலை கூடத்தின் மேல்தான் போகிறது. ஆனால் பழைய கட்டடங்களைப் பட்டியல் போட அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. கூடத்தை நடத்தும் சங்கம் அனுப்பிய மனுவைப் படித்துவிட்டு அந்தக் குழு வருகிற வியாழக்கிழமை பார்வையிட வரும். பட்டியலில் ஏறினால் சாலை விலகிப் போகும். ஏறாவிட்டால் கூடம் இடிபடும். அதுவரை கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது.

"மாத்தம்னா இன்னா மாமு?" என்றான் பெயிண்டர் டில்லிபாபு.

"இடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, ஜன்னல் வைக்கக் கூடாது. அவ்ளோதான்."

கூடம் என்பது ஒரே அறை. வேகன்களில் மூட்டை ஏற்றியவர்கள் 1921இல் கூலியில் பிடித்தம் போட்டுக் கட்டியது என்று சொல்வார்கள். உள்ளே ஒரு சுதைப் புத்தர், இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரிப் புத்தகம். வருஷா வருஷம் வைகாசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். எண்ணூரிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வரும். அதில் ஒரு கைப்பிடி நீலம் கலப்பார்கள். சங்கத்துக்கு வேண்டியவர்கள் யாராவது இறந்த வருஷம் மட்டும் நீலம் கிடையாது, வெறும் சுண்ணாம்புதான். மனு எழுதும்போது, ஒரு வருஷமும் வெள்ளையடிக்காமல் விட்டதில்லை என்பதைப் பரசுராமன் பெருமையாகச் சேர்த்திருந்தார்.

இப்போது அந்தச் சுவரைப் பார்த்தால் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. நவம்பர் மழையில் ஊறி, பொருக்குப் பொருக்காக எழும்பி, மூலையில் பச்சை பூத்திருந்தது. துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகள் இந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார்.

"வியாழக்கிழமை வர்றவன் உள்ளே நுழைஞ்சதும் கலீஜுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சுத்தமா சுரண்டிடு. செங்கல் தெரியணும். பட்டி பாத்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடி. சந்தனக் கலரு."

"சும்மா மேலாக்கா வெள்ளையடிச்சா போதாதா?"

"கவர்மெண்டு வருது டில்லி. நம்ம வூட்டு விசேஷம் இல்ல."

நான்கு நாள் சுரண்டினார்கள். உரிந்து விழுந்த சுண்ணாம்பை ஏழு கோணிகளில் கட்டி வாசலில் வைத்தார்கள். பின் சந்தில் குடியிருந்த பச்சையம்மா அதைக் கேட்டு வாங்கிப் போனாள். அவள் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி இன்னும் சேறாகவே கிடந்தது. அதை மேடாக்க வேண்டும் என்றாள். புதன்கிழமை சாயங்காலம் பெயிண்ட் காய்ந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கருணாகரன், துறை அதிகாரி, கையில் பைல். இன்னொருவர் ரஹீமுன்னிசா, பழைய கட்டடங்களை ஆராய்கிற பொறியாளர். தோளில் ஒரு துணிப்பை, அதில் உளியும் பூதக்கண்ணாடியும். பரசுராமன் வெளுத்த சட்டையில் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

ரஹீமுன்னிசா உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். முகர்ந்து பார்த்தார்.

"இது எப்போ அடிச்சது?"

"நேத்து முடிஞ்சுது மேடம்," என்றார் பரசுராமன். குரலில் மகிழ்ச்சி.

"கீழே பழைய பூச்சு இருக்கா?"

"ஒரு துளி வைக்கல. செங்கல் வரைக்கும் எடுத்தாச்சு."

ரஹீமுன்னிசா கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் பைலைத் திறந்தார்.

"ஐயா, இந்தக் கூடத்துக்குப் பத்திரம் கிடையாது. வரி ரசீது 1961லேர்ந்துதான் இருக்கு. எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு நிரூபிச்சாத்தான் பட்டியல்ல சேர்ப்போம். வருஷத்துக்கு ஒரு பூச்சுன்னு உங்க மனுவுல எழுதியிருந்தீங்க. அந்தச் சுவர்ல கட்டைவிரல் அளவு வெட்டியெடுத்து பூச்சை எண்ணலாம்னுதான் மேடம் வந்தாங்க. நோட்டீசுல மாற்றம் செய்யக் கூடாதுன்னு போட்டிருந்தோமே?"

"வெள்ளையடிக்கிறது மாத்தமா சார்? குளிக்கிறது மாத்தமா?"

யாரும் சிரிக்கவில்லை. பரசுராமன் பெஞ்சில் உட்கார்ந்தார். தான் செய்தது என்ன என்பது அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கிய பிறகு சந்தன நிறச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சுரண்டினதை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் ரஹீமுன்னிசா.

டில்லிபாபு பின் சந்துப் பக்கம் கை காட்டினான். எல்லோரும் போனார்கள். பச்சையம்மா வாசலில் ஆறு கோணி கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்துச் சமப்படுத்தியிருந்தாள். டில்லிபாபு கடப்பாரையை ஊன்றினான்.

"அடே, இன்னா பண்ற? இப்பத்தான் கால் வைக்கிற மாதிரி கீது. திரும்பவும் சேத்துல நிக்கணுமா நானு?"

"கவர்மெண்டு உன் வாசலைப் பாக்க வந்துகீது பெரிம்மா. கம்முனு இரு."

"வர்றவங்க ரோடு போட்டுக் குடுத்துட்டு நோண்டச் சொல்லு!"

தோண்டியதெல்லாம் மாவாகிக் கிடந்தது. ரஹீமுன்னிசா கையில் எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். அப்போது பச்சையம்மாவே கதவுக்குப் பின்னால் போய், கொட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு கோணியை இழுத்து வந்தாள். "இத்த எடுத்துக்க. வாசலை விட்டுடு."

கோணிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியான சில்லுகள் இருந்தன. ஒன்றை உடைத்துக் குறுக்கே பார்த்தபோது, மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"கொத்துக்குப் போடாத பரோட்டா மாதிரி கீதே," என்றான் டில்லிபாபு.

எண்ணுவதற்கு முன் ரஹீமுன்னிசா பரசுராமனிடம் ஒரு தாளைக் கொடுத்தார். "நீலம் போடாத வருஷங்களை எழுதுங்க. உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சது மட்டும்."

பரசுராமன் இரண்டு எழுதினார். 1957, அண்ணல் அம்பேத்கர் காலமான பிறகு வந்த வைகாசி. 1984, அவருடைய தகப்பனார் இறந்த வருஷம். தாளை மடித்துக் கருணாகரன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரஹீமுன்னிசா பச்சையம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஊசி முனையால் கோடு கோடாகத் தள்ளி எண்ணினார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் பச்சையம்மா டீ கொடுத்தாள், ஆறிப்போனது. இரண்டு சில்லுகளை எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"எண்பத்தொரு பூச்சு. அதுக்குக் கீழே உதிர்ந்துடுச்சு. வெளியிலேர்ந்து எண்ணினா இருபதாவது வெறும் வெள்ளை. நாப்பத்தேழாவது வெறும் வெள்ளை. அறுபத்திரண்டாவதும்."

கடைசியாக வெள்ளையடித்தது 2003 வைகாசி. கருணாகரன் தாளைப் பிரித்து, விரல்விட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். இருபதாவது 1984. நாற்பத்தேழாவது 1957.

"அறுபத்திரண்டுன்னா 1942. அந்த வருஷம் யாரு?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் அப்போ பொறக்கல. யார் செத்தாங்களோ."

கருணாகரன் தாளை மறுபடி மடித்தார். "மூணையும் சரியா எழுதியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கூடத்துக்குத் திரும்பிய பிறகு கருணாகரன் சொன்னார்: குழுவின் முன்னால் வெறும் சில்லை வைக்க முடியாது. அது இந்தச் சுவரிலிருந்துதான் வந்தது என்று, யார், எப்போது, எதற்காக எடுத்தார்கள் என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும். நோட்டீசு ஒட்டிய பிறகு மாற்றம் செய்தவர், கட்டடம் பட்டியலில் ஏறினால் அதன் பராமரிப்புக் குழுவில் இருக்க முடியாது; விதி அப்படி. குழுவின் குறிப்பிலும் பெயர் நிற்கும்.

"பெயிண்டர் தானா சுரண்டிட்டார்னு எழுதினாலும் எங்களுக்குச் சரி," என்று தணிந்த குரலில் சேர்த்தார். அவர் நல்ல மனிதர்.

"எம்பேரைப் போடு மாமு," என்றான் டில்லிபாபு. "நான் இன்னா செகரெட்டரியா, பிரசிடெண்டா? எனக்கு இன்னா போவுது?"

பரசுராமன் கூடத்தின் கதவைப் பார்த்தார். யார்டில் ஒரு எஞ்சின் வேகன்களை இடித்துச் சேர்த்தது. அந்தச் சத்தம் வரிசையாகத் தேய்ந்து போனது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கதவைக் காலையில் திறந்து, பெருக்கி, செய்தித்தாள் போட்டு, சாயங்காலம் மூடியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு அதுதான் அவருடைய நாள். டில்லிபாபு பெயரைப் போட்டால் அது அப்படியே தொடரும். விசாரணை என்று வந்தால், யார் சொல்லிச் சுரண்டினாய் என்று குழு டில்லிபாபுவைக் கேட்கும். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் பாதியில் சிரித்துவிடுவான். அப்போது சில்லும் பொய்யாகும், கூடமும் போகும்.

"அவன் கூலிக்கு வந்தான் சார். சுரண்டச் சொன்னது நான். எழுதிக்குங்க."

"எதற்காகன்னு எழுதணும்."

"அழுக்கா இருந்துச்சு. நீங்க பாத்தா அசிங்கம்னு நெனச்சேன்."

கருணாகரன் அதை அப்படியே எழுதினார். பரசுராமன் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் தேதியைத் திருத்தி, தமிழில் கையெழுத்திட்டார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பரசுராமனே அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கூடம் மூன்றாம் தரத்தில் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அணுகுசாலை பதினான்கு அடி கிழக்கே, பூட்டிக் கிடக்கும் கிடங்குப் பக்கம் விலகும். வைகாசி வெள்ளையடிப்புக்கு இனி ஒரு மாதம் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். கைதட்டல் அடங்கியதும் கடைசிப் பத்தியைப் படித்தார். எதையும் விடவில்லை. நோட்டீசுக்குப் பின் கட்டடத்தின் மூலப் பூச்சு முழுவதையும் அழித்தவர் பரசுராமன் என்பதும், அவர் பொறுப்பில் நீடிக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தன.

பின்வரிசையிலிருந்து பச்சையம்மா குரல் வந்தது. வாசல் மேடான நன்றிக்கு அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். "யாரு நைனா அது, நம்ம செகரெட்டரியா?"

"முன்னாள்," என்றார் பரசுராமன். கடிதத்தை டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து, அவள் பக்கத்தில் தரையில் இடம் பார்த்து உட்கார்ந்தார். "அடுத்த விஷயத்தை எடுங்கப்பா. புதுசா யாரைப் போடுறது?"