கதவு முந்திக்கொண்டது

பக்கத்து மேசை அக்காவின் பெயரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார் மேலாளர்; எடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி போனால், பணிநீக்கக் கடிதத்தை அனுப்புவது, மின்னஞ்சலை மூடுவது, கதவு அட்டையை முடக்குவது என மூன்று வேலைகளும் தாமாக நடக்கும்படி சர்வரில் ஒரு கோப்பு எழுதி வைத்திருந்தவன் நான். நாம் கூப்பிடும் வரிசையில் அவை ஓடாது, கோப்பில் எழுதியிருக்கும் வரிசையில்தான் ஓடும் என்று மாலை வகுப்பில் படித்து அடிக்கோடும் போட்டிருந்தேன். இருந்தும் கோப்பில் கதவை முதலிலும் மின்னஞ்சலை நடுவிலும் கடிதத்தைக் கடைசியிலும் எழுதியிருந்தேன்.

கீழே போய்விட்டு வந்த அக்கா, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கதவு மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாரேன்!"

"திறக்கட்டுமா சார்?" என்று மேலாளரைக் கேட்டேன்.

"எதுக்குப்பா? ஒரே கல்லுல மூணு மாங்கா அடிச்சிருக்கே! பையை எடுத்துட்டுப் போய் வெளியிலயே குடுத்துடு."

கொண்டுபோனேன்.

"என் பையை ஏன்டா தூக்கிட்டு வரே?" என்று சிரித்தாள் அக்கா.

வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "மெயில் பாருங்கக்கா" என்றேன்.

கைப்பேசியை எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"இதுவும் திறக்கலடா. சாயந்திரத்துக்குள்ள ரெண்டையும் சரி பண்ணிக் குடுத்துடு, என்ன?"

"சரிக்கா" என்றேன்.