தொட்டிக்குத் தைத்த சட்டை

“அத்தான், அந்தச் சொம்ப கீழ வைங்க!”

மொட்டைமாடிப் படியில் நின்றபடியே கத்தினாள் மச்சினி. எலுமிச்சைக் கன்றின் மேல் சாய்ந்த சொம்பு தையல்காரர் கையில் அப்படியே நின்றது. அவளுடைய அக்காவை, அவர் மனைவியை, அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“இலையெல்லாம் தொங்குது பாரு. அவ கடைசியா வச்ச கன்னு. இதையும் விட்டுட்டா எனக்கு என்னம்மா இருக்கு?”

“தாகத்துல தொங்கல, தண்ணி அதிகமாகித் தொங்குது. மண்ணத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். விரல் சேற்றில் புதைந்தது.

கீழே போய் விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. நேற்றிலிருந்து துக்கத்துக்கு வந்த யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சும்மா நிற்க மனசு கேட்காமல் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரோடு மாடி ஏறியிருக்கிறார்கள். மகள் இரண்டு முறை, மருமகன் ஒரு முறை. எதிர்வீட்டு வாத்தியார் ஒரு வாளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். பாவம், கன்று யாரிடம் போய் முறையிடும்?

“மண் தொட்டிதானே, தண்ணி தானா வடிஞ்சிடாதா?” மறுபடி மேலே வந்ததும் கேட்டார்.

“வடியும். நீங்க விட்டாத்தானே?”

அவள் காட்டியது, பதினோரு தொட்டிகளுக்கும் அவர் தைத்துப் போட்டிருந்த ரெக்ஸின் சட்டைகளை. சுட்ட மண்ணின் மேல் உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக வெளுத்ததைப் பார்க்கச் சகிக்காமல், போன வருடம் அளவெடுத்து, அடியையும் மூடி, பக்கவாட்டில் நான்கு பட்டன் வைத்துத் தைத்தவை. எங்கேயும் ஒரு சுருக்கம் இருக்காது. அடியில் இருக்கும் ஓட்டை எதற்கென்று யோசிக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

“அப்ப ஒரு வருஷமா இதுங்க எப்படிப் பொழச்சுது?”

மச்சினி கொஞ்சம் தயங்கினாள். “அக்கா தினம் காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டிடுவா. சாயங்காலம் நீங்க மேல வர்றதுக்குள்ள மாட்டி விட்டுடுவா. மண் தொட்டிக்கு உடம்பெல்லாம் காத்துப் படணும்னு சொல்லுவா. ஆஸ்பத்திரிக்குப் போன இந்த நாலு நாளாத்தான் கழட்ட ஆளில்ல.”

அவர் குனிந்து பட்டன்களைத் தடவினார். பட்டன் நுழையும் காஜாவெல்லாம் தளர்ந்து நூல் பிரிந்திருந்தது. முப்பது வருடத் தையல்காரன் கண்ணில் இது படவேயில்லை. அவமானமாக இருந்தது, மனைவிமேல் கோபம்கூட வந்தது.

“அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நானும் கேட்டேன். ‘கடைய மூடினதுலேர்ந்து மனுஷன் மெஷின் பக்கமே போகல, இப்பத்தான் உக்காந்து தைக்கிறாரு, நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு’ன்னுட்டா.”

நேற்றுக் காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மச்சினி திரும்பிக்கொண்டு கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எலுமிச்சைத் தொட்டியின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் பாதத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. இருவருமாகத் தொட்டியைத் தூக்கி நிழலில் இரண்டு செங்கல் மேல் நிறுத்தினார்கள். பிறகு அடுத்தது. பதினோராவது முடிவதற்குள் முதல் தொட்டியின் விளிம்பு உலர்ந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

“அப்பா, யாரோ பாக்க வந்திருக்காங்க!” கீழேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

“வரேன். சொம்ப மட்டும் யார் கையிலயும் குடுத்துடாத. நாளைக்கு வெயில் ஏறறதுக்கு முன்னாடி நானே வந்து மண்ணத் தொட்டுப் பாக்கறேன்.”

சொல்லிவிட்டு எலுமிச்சைத் தொட்டியின் உடம்பில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை ஈரமாக இருந்தது.