நாங்கள் என்று எழுதியவள்

நகராட்சிக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்த நாள் முதல் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பக்கத்தக்கா’ என்றே பேராகிவிட்டது. வரிப் பிரிவுக்காரர்கள் அதிலும் கிண்டல் கண்டுபிடித்தார்கள். “அக்கா, நீங்க எந்தப் பக்கம்? ஜனங்க பக்கமா, ஆபீஸ் பக்கமா?” அவள் சிரித்து வைப்பாள்.

அதற்கான பதில் ஆணையர் கொடுத்த சுற்றறிக்கையிலேயே இருந்தது. பக்கத்தில் எழுதுகிற ஊழியர் தன் பெயரைப் போடக் கூடாது. சொந்தக் கருத்து கூடாது. பக்கத்தை நடத்துவது யார் என்று வெளியே, வீட்டில்கூட, சொல்லக் கூடாது. ‘நான்’ என்று எழுதவே கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறை குப்பையைப் பற்றிய பதிவில், ‘நாம் ஊரைச் சுத்தமாக வைத்திருப்போம்’ என்று எழுதிவிட்டாள். ஆணையர் கூப்பிட்டனுப்பினார்.

“நாம்னு போட்டா அவங்களும் நம்மளும் ஒண்ணுன்னு ஆயிடும்மா. நாங்கள்னு போடு. அவங்க வெளிய நிக்கட்டும்.”

பள்ளிக்கூடத்தில்கூட இலக்கணத்தை யாரும் இவ்வளவு பச்சையாக அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

நாங்கள் தங்கள் புகாரைப் பரிசீலித்து வருகிறோம். நாங்கள் வருந்துகிறோம். நாங்கள் ஆவன செய்வோம். தின்று கொழுத்த கூட்டம் என்று ஒருவர் திட்டுவார். சூடு சொரணை உண்டா என்று இன்னொருவர் கேட்பார். எல்லாம் ‘நாங்கள்’ மேல் விழுந்து வழிந்து போகும். உள்ளே அவள் நனையாமல் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு காலையில்தான் நாத்தனார் போட்ட படம் வந்தது. வாசற்படி வரை கறுப்பாக ஏறி நிற்கும் சாக்கடைத் தண்ணீர். கீழே எழுதியிருந்தாள்: ‘பச்சைக் குழந்தை இருக்கும் வீடு. புகார் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. ஆணையர் ஒரு வேளை இந்த வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டட்டும்.’

அந்த வாசற்படி அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தை, பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார் மகளுடையது. நாத்தனார், தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அந்த உரிமையில், தம்பி வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே குறை சொல்லத் தொடங்கிவிடுவாள். வீட்டைப் பெருக்கத் தெரியாதவளுக்கு உத்தியோகம் ஒரு கேடா என்பது அவற்றில் மிக மென்மையானது.

படத்துக்குக் கீழே ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. ஆணையர் அறைக்கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். “அந்தச் சாப்பாட்டுப் பதிவை மறைச்சிடு.”

மறைத்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். விரல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, இவரைத் தடு என்பதைத் தொட்டது. உறுதிதானா என்று திரை கேட்டது. உறுதிதான். நெஞ்சுக்குள் என்னவோ தித்தித்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக்கூடக் காட்டாமல் அந்த வாயை மூட முடிந்துவிட்டது. இப்படி ஒரு தித்திப்பு இத்தனை வருஷமாகத் தனக்குள் எங்கே கிடந்தது என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆணையர் சொன்னார், செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை என்பது தெரிந்தே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். தம்பியோடு சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“என்னை பிளாக் பண்ணிட்டானுங்கடா. எழுதினா போகவே மாட்டேங்குது. உள்ள வரைக்கும் சாக்கடை நாத்தம், குழந்தை நெஞ்சு கட்டிப்போய் மூச்சு விடச் சிரமப்படுது. இவனுங்க என் வாயை அடைக்கிறானுங்க. எந்த நாசமாப்போன கை அதைச் செஞ்சுச்சோ, அது அழுகி விழணும்.”

சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

“ஏம்மா பெரிய உத்தியோகக்காரி, உன் ஆபீஸ்தானே? யாருன்னு கேட்டுச் சொல்லேன். இல்ல, அங்கயும் உன்னை யாரும் மதிக்கிறதில்லையா?”

கணவன் சிரித்தான். நாத்தனாரின் வார்த்தையைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் விழுங்க முடியவில்லை.

“நாங்க அப்படிச் சும்மா யாரையும் பிளாக் பண்றதில்ல அண்ணி. ஆணையரை வாசல்ல உட்காந்து சாப்பிடச் சொன்னா பின்ன என்ன பண்ணுவாங்க?”

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. ஆபீஸைப் பற்றி இந்த வீட்டில் அவள் எப்போதும் ‘அவங்க’ என்றுதான் பேசுவாள். அவங்க லீவு தர மாட்டாங்க, அவங்களுக்கு என்ன தெரியும், இப்படி.

“நாங்களா?” நாத்தனார் சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினாள். “நான் எழுதினதைத்தான் மறைச்சுட்டாங்களே. என்ன எழுதினேன்னு இங்க நான் சொல்லவே இல்லையே. அதுக்குத்தான் பிளாக் பண்ணாங்கன்னு உனக்கெப்படித் தெரியும்?”

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

நாத்தனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “கேட்டுக்கடா. இத்தனை வருஷமா நம்ம வீடு நம்ம வீடுன்னு இவளையும் சேத்துத்தான் சொல்லிட்டிருந்தேன். இவ நாங்கங்கறா.”

மறுநாள் காலையில் மகளின் கணக்கிலிருந்து நாத்தனார் எழுதியது பக்கத்தில் இருந்தது: ‘என் வாயை அடைத்தது நகராட்சி இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் என் தம்பி பெண்டாட்டி.’

ஆணையர் அதை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். “மறைக்கச் சொன்னேன். தடுக்கச் சொன்னது யாரு?”

அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“குடும்பச் சண்டை போட உனக்கு ஆபீஸ் பக்கமா கிடைச்சுது? பாஸ்வேர்டைக் கொடுத்துட்டுப் போ.”

பழைய கோப்புகளை அடுக்கும் பின்னறைக்கு அவளை மாற்றினார்கள். மதியம் வரிப் பிரிவில் ஒருவன் கேட்டான். “பக்கத்தக்கா இப்ப எந்தப் பக்கம்?” இன்னொருவன் சொன்னான், “பின்பக்கம்.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் கணவன் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். மறுமுனையில் நாத்தனார் இருந்தாள். பின்னால் குழந்தை விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தது.

“படிச்சுக் காட்டுடா அவகிட்ட. உன் பொண்டாட்டி பதில் போட்டிருக்கா.”

அவன் படித்தான். “நாங்கள் தங்கள் புகாரைப் பரிசீலித்து வருகிறோம். பொதுவெளியில் கண்ணியம் காக்குமாறு வேண்டுகிறோம்.”

“நான் எழுதல.”

“உன் எழுத்துதானே இது? எழுதிப் பாத்துட்டு நல்லாருக்கான்னு என்கிட்டயே படிச்சுக் காட்டலையா, ஏதோ ஆபீஸ் கடிதம்னு?”

படித்துக் காட்டியிருந்தாள். அவள் எழுதி வைத்துவிட்டு வந்த வரிகள்தான் அவை. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் எடுத்து ஒட்டியிருக்கிறார்.

“நான் இப்ப அதுல இல்ல,” என்றாள். “நான்...” அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. அந்தச் சொல்லை எழுதி எத்தனை காலமாகிவிட்டது.

கணவன் செல்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “அக்கா, அங்க இருக்காத. பொண்ணையும் குழந்தையையும் கூட்டிட்டு இங்க வந்துடு. நாம பாத்துக்கலாம்.”

பேசி முடித்ததும் அவளிடம் திரும்பினான்.

“உள் ரூமைக் காலி பண்ணு. எங்க அக்கா வர்றாங்க.”

அவள் உள்ளே போய்க் கட்டிலிலிருந்து தன் தலையணையை எடுத்தாள்.