கடைசி வருகை: இன்று

கப்பல்காரர்களுக்குப் பாராட்டின் மேல் எவ்வளவு ஆசை என்பது எங்கள் மன்றத்தை நடத்த ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் பேசிக்கொள்ள இணையத்தில் வைத்திருக்கும் மன்றம் அது. எந்த ஏஜென்டை நம்பலாம், எந்தக் கம்பெனி சம்பளத்தை இழுத்தடிக்கும் என்றெல்லாம் எழுதுவார்கள். நன்றாக எழுதுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பேட்ஜ் விழும். பேரன் எடுத்த சீஃப் இன்ஜினியர்கள்கூட, "தங்கச்சி, எனக்கு ஏன் இன்னும் வழிகாட்டி பேட்ஜ் வரல?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த பேட்ஜை வைத்து ஆள் தேடுகிற கருவியை எழுதியது நான்தான். 'வழிகாட்டி' என்று தட்டினால் போதும், அதை வாங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். புதிதாகக் கப்பல் ஏறுகிறவன் யாரிடம் கேட்பது என்று திண்டாட வேண்டாம். வருஷக்கணக்கில் எட்டிப்பார்க்காத ஆளிடம் கேட்டுவிட்டுக் காத்துக் கிடக்கக் கூடாதே என்று, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் கடைசியாக வந்த நாள் தெரிகிற மாதிரி செய்தேன். அது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி மணப்பாட்டில் ஒரு வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டது.

போன மாதம் ஒரு மத்தியானம், முத்தையாபுரத்தில் என் வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். மணப்பாட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"நீதான ஜெமி? நான் அந்தோணியம்மாள். பிரைட்டனோட அம்மா."

பிரைட்டனை மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் நடுக்கடலில் கப்பலிலிருந்து காணாமல் போனவன். காலையில் டியூட்டிக்கு வரவில்லை. கப்பலைத் திருப்பித் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசிவரை உடல் கரைக்கு வரவே இல்லை.

"எம்பிள்ள உசுரோட இருக்காம்மா" என்றார் அந்தோணியம்மாள். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போனை நீட்டினார். என் கருவி திறந்திருந்தது. 'முத்து' என்று தேடியிருந்தார். எங்கள் மன்றத்தில் அதுதான் பெரிய பேட்ஜ். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்தால் கிடைக்கும், அதன் பிறகும் ஒரு நாள் தவறினால் பறிபோய்விடும். கடலில் இருக்கிறவனுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிரைட்டன் அதை வாங்கி வைத்திருந்தான். மகன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அம்மா தேடியிருக்கிறார். பெயர் இருந்தது. எதிரே, 'கடைசி வருகை: இன்று.'

"இதப் பாத்த அன்னைலருந்து நெதம் அவனுக்கு மெசேஜ் எழுதுதேன். படிச்சிட்டான்னு காட்டுது. பதில்தான் போட மாட்டேங்கான். அவனுக்கு அங்கன என்ன சங்கடமோ!"

"பெரியம்மா, சில நேரம் கம்ப்யூட்டர்ல..." என்று இழுத்தேன்.

"கம்ப்யூட்டரை விடு. இதக் கேளு. அவன் பொண்டாட்டி இசபெல்லா சோத்தைத் தொட மாட்டேன்னு கெடந்தா. 'ஏலே, அவ எலும்பும் தோலுமா ஆயிட்டா, நீ ஒரு வார்த்தை சொல்லுல'ன்னு எழுதுனேன். மறுநாளே உக்காந்து சாப்பிட்டா! கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அவன் சொல்லாம எப்படிம்மா சாப்பிடுவா?"

அவர் பேசிக்கொண்டே போனார். வருஷம் திரும்புகிறது என்று இசபெல்லா கோயிலில் நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

"உசுரோட இருக்கவனுக்குச் செத்தவங்க பூசை வைக்கலாமா? பாவம்லா! அவன் நெதம் வாரான்னு நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு. கலெக்டர்ட்ட குடுத்துத் தேடச் சொல்லுதேன்."

நான் நாசரேத்துக்காரி, புராட்டஸ்டன்ட். எங்கள் சபையில் இறந்தவர்களுக்குப் பூசை கிடையாது. ஆனாலும் அந்தப் பூசையை நிறுத்த அவர் எவ்வளவு சந்தோஷமாக நடந்து போயிருப்பார் என்று நினைத்துப் பார்க்க முடிந்தது. மடிக்கணினியைத் திறந்து, பிரைட்டன் பெயரில் வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தேன். அந்தோணியம்மாள் வருகிற அதே வீட்டு இணைய இணைப்பிலிருந்துதான் அவனும் தினமும் வந்துகொண்டிருந்தான்.

முகத்தைக் காட்டாமல் இருக்கக் காபி போட எழுந்து போனேன். "நாளைக்கு நானே வீட்டுக்கு வாரேன் பெரியம்மா" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் இசபெல்லாவைப் போனில் பிடித்தேன்.

அவள் மறைக்கவில்லை. "அவுகதான் பாஸ்வேர்டு தந்தாக. கடல்ல நெட்டு கெடைக்காத அன்னைக்கு, 'நீ ஒரு எட்டு உள்ள போயிட்டு வா, இல்லன்னா முத்து போயிரும்'னு சொல்லுவாக."

இது பாதிக் கப்பல் வீடுகளில் நடக்கிற வேலைதான். எனக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டேன்.

"அவுக போன பெறவும் நிறுத்த மனசு வரலக்கா. காலைல எந்திரிச்சதும் உள்ள போவேன். அவுக பேரையும் முத்தையும் பாப்பேன். அவ்வளவுதான். வெளிய தெரியும்னு எனக்குத் தெரியாது."

"மாமி எழுதுனதையும் படிச்சியா?"

"படிச்சேன். வீட்டுல எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டாக. எம்மேல இம்புட்டுப் பிரியம்னு அதுலதான் தெரிஞ்சுது. அதான் சாப்பிட்டேன்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா!" என்று கத்திவிட்டேன்.

"எப்படிக்கா சொல்ல? மாமி சிரிச்சு ஒரு வருசமாச்சு. இப்பத்தான் சிரிக்காக."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மணப்பாட்டுக்குப் போனேன். எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தார் அந்தோணியம்மாள். "லெட்டர் கொண்டாந்தியா?" என்று ஆவலாகக் கேட்டார். நான் பேச்சை எடுப்பதற்குள், அடுப்படியிலிருந்து இசபெல்லா வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மாமி, அவுக பேருல உள்ள போறது நான்தான்."

"என்னளா சொல்லுத?"

"நீங்க எழுதுனதையெல்லாம் படிச்சதும் நான்தான் மாமி."

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

"அப்ப, உன்னயச் சாப்பிடச் சொன்னது?"

"நீங்கதான் மாமி. நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் சாப்பிட்டேன்."

அடிக்கத்தான் கையை ஓங்கினார். இசபெல்லா நகரவில்லை. ஓங்கிய கை அவள் தோளில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. "எம்பிள்ள ஒண்ணையும் படிக்கலயா? ஒரு எழுத்துகூடப் படிக்கலயா?" என்று கேட்டுக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து முகம் கழுவினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தோம். பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியார் அறையில் இருந்தார். அவரிடம் போய் மகன் பெயருக்கு ஒரு பூசை வேண்டும் என்றார்.

போன தடவை நடந்ததை மனதில் வைத்து உபதேசியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன கருத்துக்கும்மா? நன்றிக்கா? சொகத்துக்கா?" மூன்றாவது இறந்தவர்களுக்கானது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இசபெல்லா வாயைத் திறந்தாள்.

"ஏளா, நீ இரு, பெத்தவ சொல்லுதேன்" என்றார் அந்தோணியம்மாள். "எழுதிக்கிடுங்க. பிரைட்டன். எம்பிள்ள. செத்துப் போயிட்டான்."

முதலில் பூசைக்குப் பெயர் கொடுத்தவளே இசபெல்லாதான். ஆனாலும் பெற்றவள் வாயால் கேட்கிறவரை அவளும் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. அந்த அறையிலேயே, "அய்யோ, அப்ப அவுக வரவே மாட்டாகளா மாமி?" என்று ஓங்கி அழ ஆரம்பித்தாள்.